எண்ணம் பிழை இல்லை என்றால்?

அறிகை நடத்தைச் சிகிச்சையை, அதுதான் சிபிடியை, வன்னியில் உளவளத்துணை வேலை செய்கிறவர்களிடம் குறை சொல்லிப் பாருங்கள். அது ஆராய்ச்சியில் நிரூபித்த முறையெல்லோ என்று உடனே பதில் வரும். நிரூபித்ததுதான். பதற்றம், பயம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் பலன் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதன் எடுகோள், உன் எண்ணம் நிலைமையைத் திரித்துக் காட்டுகிறது, ஆதாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மனம் இளகும் என்பது. எண்ணம் திரியவில்லை, நிலைமையே அப்படித்தான் என்றால்?

உளவளத் திட்டக்காரர் சிபிடிக்கென்று கொடுக்கிற அந்தப் போட்டோக்கொப்பித் தாளைப் பார்த்திருப்பீர்கள்: சூழ்நிலை, எண்ணம், உணர்வு, ஆதாரம், மாற்று எண்ணம் என்று ஐந்து நிரல். புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அம்மா, யுத்தத்தின் கடைசி நாட்களில் மகனை இராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தவர், பேனையைப் பிடித்தபடி கேட்டார்: "பிள்ளை, இதில அவன் இருக்கிறான் எண்டு எழுதவோ, இல்லை எண்டு எழுதவோ?" இரண்டுக்கும் அவரிடம் ஆதாரம் இல்லை. அரசிடம் பதில் கேட்டு 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கும் அதே நிலைமைதான். அதற்கு மாற்று எண்ணம் என்று எதை எழுதுவது?

சரி, அப்போ உளப்பகுப்பாய்வுதான், அதாவது பிராய்ட் தொடக்கிய, பேசிப் பேசி ஆழ்மனதைத் தோண்டுகிற முறைதான் வழியா என்றால், அதுவும் இல்லை. பிராய்ட் 1917இல் எழுதிய துக்கம் பற்றிய கட்டுரையில், போனவர் இனி இல்லை என்று யதார்த்தம் திரும்பத் திரும்பக் காட்டித்தான் பற்று மெல்லக் கழரும் என்கிறார். நன்றாகப் பார்த்திருக்கிறார்தான், ஆனால் இங்கே யதார்த்தம் வாயே திறக்கவில்லை. அதோடு கிழமைக்கு நான்கைந்து நாள், வருடக் கணக்காக என்றால், ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி வருகிறவர் கூலியை விட்டுவிட்டு வருவாரா?

ஒரு வேடிக்கை, சிபிடியைத் தொடங்கிய ஆரோன் பெக்கே உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற பிராய்டின் கருத்தைக் கனவுகளை வைத்து உறுதிப்படுத்தப் போனார், கோபத்துக்குப் பதில் தோல்வியும் இழப்பும்தான் அகப்பட்டன. அந்த வழியில் போய்த்தான் எண்ணங்களுக்கு வந்தார். பிராய்ட் தன் பங்குக்கு, நோயாளிகள் சிறுவயதில் உண்மையிலேயே துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்கள் என்ற தன் கோட்பாட்டை 1897இல் கைவிட்டுக் கற்பனை பக்கம் திரும்பினார். வெளியே நடந்ததை விட்டுவிட்டு ஆளின் தலைக்குள்ளே தேடுகிற பழக்கம் இரண்டு வீட்டுக்கும் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனாலும் நேரம் கொடுப்பதில் பிராய்ட் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்றச் சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ளவர்களை வைத்து லண்டன் டாவிஸ்டொக் மனநல நிலையத்தில் செய்த ஆய்வு 2015இல் வந்தது. பகுப்பாய்வு வழிச் சிகிச்சை ஒன்றரை வருடம், கிழமைக்கு ஒரு தடவை. முடிந்த கையோடு, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 44 வீதம் பேர் பெரும் மனச்சோர்வு என்ற நிலையைத் தாண்டியிருந்தார்கள், மற்றவர்களில் 10 வீதம். இது சிபிடியோடு நேருக்கு நேர் போட்டி இல்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஆறு கிழமையில் படிவத்தை நிரப்பி 'முன்னேற்றம்' என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அதை ஒருக்கா வாசிக்கலாம்.

சிபிடியில் எனக்குப் பிடித்தது நடத்தைப் பக்கம். 1996இல் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப்சனின் குழு மனச்சோர்வுக்கான சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது: செயல்களைத் திரும்பத் தொடங்க வைக்கிற பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் தந்தது. கோயிலுக்குப் போ, தோட்டத்துக்குத் தண்ணி விடு, தங்கச்சி வீட்டை எட்டிப் பார் என்கிற பகுதி. அதை நம் ஆச்சிமார் காசு வாங்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் உறைத்தது நம் வடக்கிலேயே பாடசாலைகளில் செய்து 2012இல் வெளிவந்த ஆய்வு. யுத்தச் சூழலில் பிள்ளைகளுக்குக் கைநூல் வைத்து, சிபிடி உத்திகளும் கலந்து நடத்திய திட்டம். முக்கிய அளவுகளில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. யுத்த நெருக்கடி அந்த நேரம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக உதவியது. திட்டத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகள், திட்டம் இன்னும் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண் பிள்ளைகளை விட மனவடுவில் குறைவாகவே தேறினார்கள்.

ஆகவே ஒரு பயிற்சிப் பட்டறையில், அந்தத் தாளில் கடன், காணி, காணாமல் போனவர் என்று ஆறாவதாக ஒரு நிரல் போடலாமா என்று கேட்டேன். படிவத்தை மாற்றக் கொழும்பில் அனுமதி எடுக்கவேண்டுமாம்.