தங்க முலாம் கேபிள்

எங்கள் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர், தங்க முலாம் பூசிய ஜாக் வைத்த கிட்டார் கேபிள் ஒன்றை நீட்டி, "அண்ணே, இதுல வாசிங்க, சவுண்டே வேற" என்றார். விலை 6,000 ரூபாயாம். சரி என்று மாட்டினேன். ஒலி நிஜமாகவே பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அது 3 மீட்டர். என் பழைய கேபிள் 10 மீட்டர்!

பேசிவ் பிக்கப் (பேட்டரி இல்லாமல் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) உள்ள எலக்ட்ரிக் கிட்டாரில் முலாம் அல்ல, கேபிளின் நீளம்தான் விஷயம். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். நீளம் கூடக்கூட அதுவும் கூடி, ட்ரெபிள் எனும் கூர்மையான மேல் ஒலி மழுங்கும். கீபோர்டின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளிவரும் சிக்னலுக்கான மின்தடை) குறைவு என்பதால் அங்கே இந்த வித்தியாசம் கேட்கவே கேட்காது (நண்பர் மன்னிக்க). கிட்டாருக்கு அடுத்து பஃபர் (இம்பீடன்ஸைக் குறைத்துத் தரும் சிறு சர்க்யூட்) உள்ள பெடலை வைத்தால், அதற்குப் பிறகு வரும் கேபிளின் நீளமும் பெரிய பொருட்டில்லை.

நல்ல ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை), உறுதியான சால்டரிங், இதற்கு மேல் நான் காசு தரமாட்டேன். முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். மிச்சப் பணத்தில் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டுங்கள், அந்த மாற்றம் கடைசி வரிசை வரை கேட்கும்.