பதினோராவது சனிக்கிழமை

திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற ஒருத்தர் பொழப்பு எந்தத் திசையில போகுதுன்னு தெரிஞ்சுக்க ஜாதகம் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் முதல்ல எங்கே நிக்கிறார்னு பார்த்தாப் போதும். கடன் வசூல்காரர் வண்டி நிக்கிற தெருமுக்கா, மளிகைக்கடையா, டாஸ்மாக்கா, வீடா?

டீயைக் குறைச்சாக் காசு மிஞ்சும்னு புத்தி சொல்றவங்க பேச்சு எனக்குச் சரிப்படாது. காலையில எட்டரைக்கு உக்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டுறவருக்கு நாலு டீ ஆடம்பரமில்லைங்க. ஓட்டை வேற இடத்துல இருக்குது.

பத்து வாரக் கடனை எடுத்துக்குவோம். பேருக்கு 10,000 ரூபாய். கொடுக்கும்போதே வட்டின்னு ஒரு தொகையைப் பிடிச்சுக்குவாங்க, அது ஆளுக்கு ஆள் மாறும். கையில வர்றது 8,500ன்னு வெச்சுக்குங்க. வாரம் ஆயிரம் வீதம் பத்துச் சனிக்கிழமை கட்டணும். ஆயிரத்து ஐநூறுதானே, நூத்துக்குப் பதினஞ்சுதானேன்னு தோணும். ஆனா அந்தப் பணம் பத்து வாரமும் முழுசா உங்ககிட்ட இருக்கிறதில்லை. முதல் வாரமே ஆயிரம் திரும்பப் போயிடுது. ஆறாவது தவணை கட்டுறப்போ பாதி அசல்கூடக் கையில நிக்காது. குறைஞ்சுக்கிட்டே வர்ற அசலுக்குக் கணக்குப் போட்டா வாரத்துக்கு 3 சதத்துக்கு மேல, வருஷத்துக்குச் சுமார் 160 சதம் வட்டி ஆகுது.

அதைவிட மோசம், பத்தாவது வாரம் முடிஞ்ச கையோட அடுத்த கடன். "நல்லாக் கட்டுற ஆளு, மறுபடி வாங்கிக்குங்க"ன்னு வசூல்காரரே கூப்பிடுவார். வருஷத்துக்கு அஞ்சு தடவை சுத்தினா 7,500 ரூபாய் காத்தோட போச்சு. நோம்பி போனஸ் வந்தாலும் மிச்சக் கடனுக்கே சரியாப் போகும்.

திரும்புற இடம் பதினோராவது சனிக்கிழமைதான். பத்து வாரம் ஆயிரம் இல்லாமலே குடும்பம் ஓடிப் பழகியிருக்கு. அதே ஆயிரத்தை இன்னும் ஒம்பது வாரம் டப்பாவுல போட்டா 9,000. நீங்க கடனா வாங்குன காசைவிட ஐநூறு அதிகம், அதுவும் உங்களோடது. ஆஸ்பத்திரிச் செலவு, ஸ்கூல் பீஸ்னு எதுக்காகக் கடன் வாங்குனீங்களோ, அடுத்த தடவை அதுக்கு டப்பாவே போதும். நடுவுல ரெண்டு வாரம் தவறினாலும் பரவாயில்லை. கடன் மட்டும் வாங்கிடக் கூடாது.

டப்பா நிறைஞ்ச பிறகு போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாசாமாசம் கட்டிச் சேர்க்கிற சேமிப்பு. வாரம் 250 எடுத்து வெச்சா மாசம் ஆயிரம் கட்டலாம். வருஷத்துக்கு 52 சனிக்கிழமைங்கிறதால 13,000 சேரும். கட்ட வேண்டியது 12,000தான். மிஞ்சுற ஆயிரம் தீபாவளிக்கு. 6.7 சத வட்டியில 60 மாசம் கட்டினா 71,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வரும். கணக்கை 16ஆம் தேதிக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்க. 15க்குள்ள ஆரம்பிச்சா ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள கட்டணும். 16ல இருந்து ஆரம்பிச்சா மாசக் கடைசி வேலைநாள் வரைக்கும் நேரம் உண்டு. வாடகை போற வாரத்தோட மோதாது. தவறுற மாசத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு மாசம் தவறினா கணக்கு நின்னுடும், அப்புறம் ரெண்டே மாசத்துல உயிர்ப்பிக்கணும். ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டியிருந்தா இருப்புல பாதி வரைக்கும் கடன் கிடைக்கும், ஆர்.டி. வட்டிக்கு மேல 2 சதம். 160க்கும் 8.7க்கும் உள்ள தூரத்தைப் பாருங்க.

காசு ஒருபக்கம். இன்னொண்ணு மதியச் சோத்துக்குப் பிறகு கிடைக்கிற அரை மணி. கைமடியா, அதாவது டெய்லருக்குக் கை உதவி ஆளா, சேர்ந்தவர் அந்த நேரத்துல போனை நோண்டலாம், கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்துக்கிட்டு சும்மா நிக்கிற ஓவர்லாக் மெஷின்ல (துணி ஓரத்தைப் பிரியாமத் தைக்கிறது) உக்காரவும் செய்யலாம். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டு உக்காருங்க. முதல்ல தைக்கக் கத்துக்காதீங்க, நூல் கோக்கக் கத்துக்குங்க. நாலு நூல் மெஷின்ல மேல் லூப்பர் (நூலை வளையமாக் கொண்டு போற கொக்கி), அப்புறம் கீழ் லூப்பர், கடைசியில ரெண்டு ஊசி. கீழ் லூப்பர் நூல் அறுந்தா அதை மட்டும் கோத்துட்டு மிதிச்சா ரெண்டு தையல்ல மறுபடி அறும். ஊசி நூல் லூப்பருக்குக் குறுக்கே மாட்டிக்கிறதுதான் காரணம். ஊசி நூலை உருவிட்டு, கீழ் லூப்பரைக் கோத்து, பிறகு ஊசியைக் கோக்கணும். புதுசா உக்கார்றவங்க பாதி நேரத்தைத் தொலைக்கிறது இங்கேதான்.

அடுத்தது கை. பனியன் துணியைப் பின்னாடியிருந்து இழுத்தா ஓரம் அலை அலையா வந்துரும்; மெஷின் பல்லே இழுத்துக்கும், நீங்க வழிகாட்டினாப் போதும். கூர் ஊசி போட்டா துணியோட கண்ணியை அறுத்துரும், ஓட்டை துவைச்ச பிறகுதான் தெரியும். பால் பாயிண்ட் ஊசிதான் சரி. கை படிஞ்சதும் பீஸ் ரேட், அதாவது தைக்கிற உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி, கேட்கலாம். பிசிறு வெட்டிக்கிட்டே இருந்தா அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கடைசியா திங்கட்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை அசதிக்கு அடிக்கிற லீவுல அன்னைக்குச் சம்பளம் மட்டுமே போகுதுன்னு நினைக்கிறோம். ஈ.எஸ்.ஐ.யில, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுல, நோய்க்கால உதவித்தொகை வாங்க ஏப்ரல்–செப்டம்பர் இல்லைன்னா அக்டோபர்–மார்ச்ங்கிற ஒரு ஆறு மாசக் காலத்துல 78 நாளுக்குச் சந்தா போயிருக்கணும். இருந்தாத்தான் உடம்புக்கு முடியாதப்போ, டாக்டர் சர்ட்டிபிகேட்டோட, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதம் சம்பளம். ஆறு மாசத்துக்கு 26 வாரம், வாரத்துக்கு மூணு நாள் வந்தாலே 78. இந்த அளவு கூடச் சிலருக்கு வராமப் போறதுக்கு லீவு மட்டும் காரணமில்லை, கம்பெனி மாறி மாறிப் பேரு ஏறாத நாளுங்க. புதுக் கம்பெனியில சேர்ற அன்னைக்கே பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரைக் கையில கொடுத்துருங்க.