முதல் ஜப்பான் பயணம்: பாஸ் வாங்குவதற்கு முன் ரயில் கணக்கு

ஜப்பானுக்கு முதல் முறை கிளம்புகிறவர்கள் பலர், விமானச்சீட்டு கைக்கு வந்த மறுநாளே ஜே.ஆர். பாஸ், அதாவது ஜப்பான் ரயில்வேயின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குச் சுற்ற உதவும் சீட்டு, வாங்கிவிடுகிறார்கள். எந்த ஊரில் எத்தனை நாள் என்பதே அதற்குப் பிறகுதான் முடிவாகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் ஊர்கள், அடுத்து விமானம், பிறகு ரயில் கட்டணக் கூட்டல். பாஸ் தேவையா என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும்.

விமானத்தைப் பற்றி முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி, கியோட்டோவும் ஒசாகாவும் பார்த்துவிட்டு, மறுபடி டோக்கியோ வந்து விமானம் ஏறுவதுதான் வழக்கமான திட்டம். போகவர ஒரே ஊர் என்பதால் சீட்டு மலிவாகத் தெரியும். ஆனால் ஒசாகாவின் அதிவேக ரயில் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து டோக்கியோ திரும்ப ஒருவருக்குச் சுமார் 14,700 யென். இரண்டரை மணி நேரம் வண்டியில் போய்விடும். அதோடு விடுதியிலிருந்து நிலையம், அங்கிருந்து நரிடா விமான நிலையம் என்று அரைநாள் கரைகிறது. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்கு அருகிலுள்ள கான்சாய் விமான நிலையத்தில் ஏறுவது போல் சீட்டுப் போட்டால் இத்தனையும் மிச்சம். தேடும்போது தனித்தனியாக இரண்டு ஒருவழிச் சீட்டு பார்க்காதீர்கள். ‘பல நகரங்கள்’ என்ற பிரிவில் இரண்டு பயணத்தையும் ஒரே சீட்டாகத் தேட வேண்டும். நான்கு பேர் போவதாக இருந்தால், விலை வித்தியாசம் மொத்தம் 58,800 யென்னுக்குள் (அந்த 14,700 நான்கு மடங்கு) இருந்தால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

இனி பாஸ். 2023 அக்டோபருக்கு முன்னால் எழுதப்பட்ட அறிவுரைகளை நம்பினால் இங்கேதான் காசு போகும். அதுவரை ஏழு நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென். டோக்கியோ–கியோட்டோ போய்வருவதற்கே சுமார் 28,300 யென் ஆகும் என்பதால், கூட ஒரு சின்னப் பயணம் செய்தாலும் பாஸ் லாபமாக இருந்தது. அந்த அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென், 14 நாள் 80,000, 21 நாள் 1,00,000 என்று ஏறிவிட்டது. இப்போது டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை நொசோமி என்ற அதிவேக வண்டியில் போய்வந்தாலும் சுமார் 39,500 யென்தான். அதாவது 800 கிலோமீட்டருக்கும் மேல் போய்த் திரும்பினாலும் பாஸ் விலையைத் தொட முடியாது. அதே வாரத்தில் வடக்கே ஷின்-அவோமோரி வரை போய்வருவது போல் இன்னொரு நெடும்பயணமும் செய்கிற ஆளுக்குத்தான் கணக்கு நேராகும். முதல் பயணத்தில் அப்படி ஓடுவது வீண் களைப்பு.

பாஸ் வாங்கியே தீர்வது என்றால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏழு நாள் என்பது தேதிக் கணக்கு, 24 மணி நேரக் கணக்கில்லை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் அன்று ஒரு நாள் போய்விட்டது. சுரங்க ரயிலிலும் தனியார் ரயில்களிலும் அது செல்லாது. அதிவேகமான நொசோமியில் ஏற வேண்டுமானால் கூடுதல் சீட்டு வேண்டும், டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் 4,960 யென்.

டோக்கியோ–ஒசாகா தடத்தில் ஓடுவது மூன்று வகை வண்டி. கியோட்டோவுக்கு நொசோமி சுமார் 2 மணி 15 நிமிடம், ஹிகாரி 2 மணி 40 நிமிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் கொடாமா மூன்றரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நொசோமி அடிக்கடி இருப்பதால் சாதாரண நாளில் இருக்கைக்கு அஞ்ச வேண்டாம். நிலையத்து இயந்திரத்திலேயே அன்றைக்கு வாங்கலாம், விலையும் ஏறாது. முன்கூட்டியே பிடிக்க வேண்டிய காலம் வேறு: ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் சேர்ந்த விடுமுறை, ஆகஸ்ட் நடுப்பகுதி, ஆண்டு முடிவும் பிறப்பும். இந்த மூன்று சமயத்திலும் நொசோமியில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. நிலையங்களில் இருக்கை விற்பனை, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும்.

சீட்டு வாங்கியதும் கையில் இரண்டு துண்டு வந்தால் குழம்ப வேண்டாம். ஒன்று தூரத்துக்கான அடிப்படைக் கட்டணச் சீட்டு, மற்றது விரைவு வண்டிக்கும் இருக்கைக்குமான சீட்டு. ஷின்கான்சென் (நொசோமி போன்ற அதிவேக ரயில்) வாயிலில் இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் செருக வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால் கதவு மூடிக்கொள்ளும். மறுமுனையில் வெளியே வரும் சீட்டுகளை எடுக்க மறக்கவே கூடாது, இறங்குமிடத்தில் அவை மறுபடி வேண்டும். டோக்கியோ–கியோட்டோ போன்ற நெடுந்தூரக் காகிதச் சீட்டில் இன்னொரு சலுகை ஒளிந்திருக்கிறது. அடிப்படைச் சீட்டில் டோக்கியோவின் 23 வட்டாரங்கள் என்று அச்சிட்டிருந்தால், ஷின்ஜுகு போன்ற இடத்திலிருந்து டோக்கியோ நிலையம் வரும் ஜே.ஆர். ரயிலுக்கும் அதுவே போதும். ஷின்கான்சென் சீட்டு விற்கும் ஸ்மார்ட் ஈ.எக்ஸ். செயலியில் வாங்கினால் இந்தச் சலுகை இல்லை, ஷின்கான்சென் நிலையத்திலிருந்து நிலையம் வரைக்கும்தான். ஆனால் நேரத்தை மாற்றுவது செயலியில் மிக எளிது. முதல் பயணத்துக்கு, குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் செயலியும், மற்றவர்களுக்குக் காகிதச் சீட்டும் என்பது என் கருத்து.

வண்டியைத் தவறவிட்டால்? கிளம்பும் நேரத்துக்கு முன்னால் என்றால் காகிதச் சீட்டை ஒரு தடவை இலவசமாக வேறு வண்டிக்கு மாற்றித் தருவார்கள். வண்டி போய்விட்டது என்றால் அன்றைக்கே பின்னால் வரும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், புதுச் சீட்டு வேண்டாம். தள்ளுபடிச் சீட்டுகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சில நூறு யென் தள்ளுபடிக்காகக் குறிப்பிட்ட ஒரு வண்டியோடு உங்களைக் கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள்.

கொண்டுபோகும் பயணப் பெட்டியின் அளவை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சக்கரம், கைப்பிடியோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். 160 சென்டிமீட்டரைத் தாண்டி 250க்குள் இருந்தால், டோக்கியோ–ஒசாகா தடத்திலும் அதற்கு மேற்கே கியூஷு வரையிலும் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென். பல விமான நிறுவனங்களின் வரம்பு 158 சென்டிமீட்டர் என்பதால், அதற்குள் அடங்கும் பெட்டிக்குச் சட்டப்படி சிக்கல் இல்லை. ஆனால் 23 கிலோ பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கும் வலு யாருக்கு இருக்கிறது என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் பெட்டியை விடுதியிலிருந்து விடுதிக்கு அனுப்பிவிடலாம். டக்குஹைபின் என்று கேட்டால் வரவேற்பிலேயே படிவம் தருவார்கள். டோக்கியோவில் கொடுத்தது பொதுவாக மறுநாள் கியோட்டோவில் கிடைக்கும். ஓர் இரவுக்கு வேண்டிய துணியும் மருந்தும் தோள்பையில் இருக்கட்டும்.

இருக்கை எண் தேர்வு செய்யக் கிடைத்தால், கியோட்டோ நோக்கிப் போகும்போது ‘ஈ’ என்ற எழுத்துள்ள வலப்பக்கச் சன்னலை எடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிளம்பிய நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் ஃபூஜி மலை அந்தப் பக்கம் தெரியும். அந்தப் பக்கம் இருவர் இருக்கை, எதிர்ப்பக்கம் மூவர் இருக்கை. சாப்பாட்டை நிலையத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். இந்தத் தடத்தில் சாதாரணப் பெட்டிகளில் தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்பது 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது.

நகரத்துக்குள் சுற்ற சுய்கா, பாஸ்மோ, இக்கோகா போன்ற தொடு அட்டை ஒன்று போதும். எந்த ஊரில் வாங்கினாலும் பெரும்பாலான நகரங்களில் செல்லும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. உள்ளே போனது யார், வெளியே வந்தது யார் என்பதை அட்டைதான் கணக்கு வைக்கிறது, அதனால் ஒன்றை இருவர் பகிர முடியாது. அட்டையில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் ரொக்கம்தான் வாங்கும். எனவே விமான நிலையத்திலேயே 10,000 யென் நோட்டுச் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனில் அட்டையைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. ஜப்பானுக்கு வெளியே விற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதற்கான சில்லு பொதுவாக வேலை செய்யாது.

இந்த அட்டையில் பலரும் மாட்டிக்கொள்வது எல்லைக் கோட்டில். டோக்கியோ வட்டாரத்தில் அட்டையைத் தொட்டு ஏறி, உள்ளூர் ரயிலிலேயே அத்தாமியைத் தாண்டி ஷிசுவோக்கா பக்கம் போய் இறங்கினால் வாயில் திறக்காது. அட்டை ஒரு வட்டாரத்துக்குள் தொடங்கி அதே வட்டாரத்துக்குள் முடிய வேண்டும். ஊழியரிடம் ரொக்கமாகக் கட்டி, அட்டையைச் சரிசெய்ய ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர முடியும். மாநகரம் விட்டு மாநகரம் போகும்போது காகிதச் சீட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

வண்டி வகையின் பெயர்களும் ஏமாற்றும். ஜே.ஆரில் ‘வரையறுக்கப்பட்ட விரைவு’ என்று இருந்தால் கூடுதல் சீட்டு கட்டாயம். ஆனால் ஒசாகா–கியோட்டோ நடுவே ஓடும் ஹன்க்யூ தனியார் ரயிலில் அதே பெயர் கொண்ட வண்டிக்குச் சாதாரணக் கட்டணமே போதும். கின்டெட்சு என்ற இன்னொரு தனியார் ரயிலில் மறுபடி கூடுதல். ஒசாகா, கியோட்டோ இரண்டுக்கும் நடுவே ஷின்கான்சென் எடுக்கவே வேண்டாம். ஜே.ஆரின் சிறப்பு விரைவு வண்டி 580 யென்னில் அரைமணி நேரத்தில் கொண்டுபோய்விடும்.

திட்டத்தில் அதிகக் கவனம் வேண்டியது ரயில் மாறும் இடங்களுக்குத்தான். ஷின்கான்சென் சொன்ன நிமிடத்தில் வந்துவிடும், நீங்கள்தான் நடைமேடைக்கு வந்து சேர மாட்டீர்கள். நரிடா விரைவு வண்டி டோக்கியோ நிலையத்தில் நிற்பது ஆழமான நிலத்தடி நடைமேடையில். அங்கிருந்து பெட்டியோடு ஷின்கான்சென் நடைமேடைக்கு ஏற 20 நிமிடம் ஒதுக்குங்கள். மேலே வந்ததும் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். நடைமேடை 14 முதல் 19 வரை கியோட்டோ, ஒசாகா செல்லும் தடம். 20 முதல் 23 வரை வடக்கே செல்லும் தடம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்களுடையவை, வாயில்களும் வேறு. டிஸ்னிலாந்து பக்கம் போகும் கெய்யோ தடமும் இதே நிலையத்தில்தான் இருக்கிறது, ஆனால் பதினைந்து நிமிட நடை. முதல் பயணத்தில் பெரிய நிலையங்களில் 30 நிமிடம், சிறியவற்றில் 15 நிமிடம் என்று மாறும் நேரம் வையுங்கள். செயலி எட்டு நிமிடம் போதும் என்று காட்டினால் அது வழி தெரிந்தவர்களுக்கான கணக்கு.

ஷின் என்றால் புதிய என்று பொருள். ஷின்-ஒசாகாவும் ஒசாகாவும் ஒரே நிலையம் இல்லை, நடுவே உள்ளூர் ரயிலில் நான்கு நிமிடம். ஷின்-யொகொஹாமா, ஷின்-கோபே கதையும் இதேதான். விடுதி ஒதுக்கும்போது ஊர் பெயரைப் பார்க்காமல் நிலையத்தின் முழுப் பெயரைப் பாருங்கள். பெட்டியோடு போவதால் எந்த வெளிவாயிலில் மின்தூக்கி (லிஃப்ட்) இருக்கிறது என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஷின்ஜுகுவில் இருநூறுக்கும் மேற்பட்ட வெளிவழிகள் உண்டு. தவறான பக்கம் ஏறினால் திரும்பி வரவே கால் மணி போகும்.

ஜப்பானில் நகர ரயில்கள் இரவு முழுவதும் ஓடாது. நள்ளிரவை ஒட்டி நின்று, காலை ஐந்து மணிவாக்கில்தான் தொடங்கும். நரிடாவிலோ இன்னும் முன்னதாக, இரவு 11 மணிக்கு மேல் ரயில் அநேகமாக இல்லை. விமானம் இரவு ஒன்பதரைக்கு மேல் நரிடாவில் இறங்குவதாக இருந்தால், குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி ஆகும் என்று வைத்து, முதல் இரவை விமான நிலையத்தின் பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா, நகரத்துக்கு வெகு அருகில் இருப்பதால் அங்கே இறங்கும் விமானத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். நரிடாவிலிருந்து டோக்கியோவின் உவேனோ பக்கம் தங்குகிறவர்களுக்கு 45 நிமிடத்துக்குள் சேர்க்கும் ஸ்கைலைனர் ரயில் ஏற்றது. டோக்கியோ நிலையம், ஷின்ஜுகு பக்கம் என்றால் நரிடா விரைவு வண்டி. அதில் சில வண்டிகள் டோக்கியோவில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு பக்கம் போகும். சீட்டில் உள்ள பெட்டி எண்ணிலேயே உட்கார வேண்டியது அதனால்தான்.

தொடு அட்டையில் மீதி இருக்கும் பணத்தைப் பற்றியும் முன்பே யோசியுங்கள். டோக்கியோவில் வாங்கிய சுய்காவை அதை விற்ற ஜே.ஆர். கிழக்கு நிறுவனத்தின் நிலையத்தில்தான் திருப்பித் தர முடியும். 220 யென் பிடித்துக்கொண்டு மீதியையும் 500 யென் முன்பணத்தையும் கொடுப்பார்கள். ஒசாகா பக்கத்து நிலையங்களில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு பணம் தர மாட்டார்கள். கான்சாயிலிருந்து கிளம்புகிறவர்கள் கடைசி இரண்டு நாளில் அட்டையில் புதிதாகப் பணம் ஏற்றாமல், இருப்பதை நிலையத்துக் கடைகளில் தண்ணீருக்கும் தின்பண்டத்துக்கும் தொட்டுத் தீர்த்துவிடுங்கள். கணக்கில் யென் குறைந்தால் மீதியை மட்டும் ரொக்கமாகக் கேட்பார்கள், கொடுத்துவிட்டு விமானம் ஏறலாம்.