கரண்டி எங்க?

"கேட்டா பதில் சொல்லுவான், தானா ஒண்டும் கேக்கமாட்டான்." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்பது இது. நாள் முழுக்கப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், கேள்வி கேட்பது பெரியவர்களின் வேலை என்றுதானே பிள்ளை பழகும்? நடத்தையியலாளர் ஸ்கின்னர் 1957இலேயே கேள்வியைக் கோரிக்கை வகையில் சேர்த்தார். தேவை இல்லாமல் கோரிக்கை பிறக்காது.

அதனால் கேள்வி கேட்கப் பழக்குவதை "எங்க" என்பதில் தொடங்குகிறோம். கோப்பை, மைலோ, பால், கரண்டி: மைலோ கலக்குவதைப் பிள்ளை தடங்கலின்றிச் செய்யும்வரை பழக்கிவிட்டு, பிறகு கரண்டியை ஒளிக்கிறோம். கை கரண்டியைத் தேடும் அந்தக் கணத்திலேயே "கரண்டி எங்க?" என்று நாம் சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்னால் "சொல்லு" வேண்டாம். பிள்ளை அதையும் சேர்த்தே ஒப்புவிக்கும். பிள்ளை கேட்டதும், "லாச்சிக்குள்ள." அடுத்தடுத்த தடவைகளில் 2 செக்கன், பிறகு 5 செக்கன் பொறுத்து, தேவைப்பட்டால் மட்டும் "கரண்டி..." என்று பாதியில் நிறுத்துகிறோம். பேசாத பிள்ளைக்கு அட்டையோ டெப்லட்டோ இதே வேலையைச் செய்யும்.

பெரும்பாலும் பிழைப்பது பதிலில்தான். இரக்கப்பட்டு அம்மம்மா கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார். அப்போது "கரண்டி எங்க" என்பது "கரண்டி தா" என்பதற்கு வேறொரு பெயராகிவிடும். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது இடம். கரண்டியை அதுவே போய் எடுக்க வேண்டும். "கதிரைக்குக் கீழ", "அலுமாரிக்கு மேல" விளங்காத பிள்ளைக்கு அந்தப் பதிலால் பயனில்லை. முதலில் அதைப் பழக்குங்கள். ஒளிக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதும் லாச்சி என்றால் யார் கேட்பார்கள்?

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழப் பாதித் தடவை கரண்டி மேசையிலேயே இருக்கட்டும். அப்போதும் "எங்க?" என்று கேட்டால், பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

"யார்" என்பதற்கு, "ஒராளிட்டக் குடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டு நிற்கலாம். வீட்டில் மற்றவர் இருவராவது வேண்டும். ஒருவரே என்றால் கேட்காமலே அவரிடம் போய்விடும். "எப்ப", "ஏன்" இரண்டையும் அவசரப்படுத்தாதீர்கள். "எங்க" என்பதன் பதிலைப் போய்ப் பார்த்து உறுதிசெய்யலாம், "பின்னேரம்" என்பதை அப்படிச் செய்யமுடியாது. நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திய படநிரல் இருந்தால் ஓரளவு கைகொடுக்கும்.

பழக்காத பொருளில், பழக்காத ஆளிடம், எடுத்துக்கொடுக்காமல் கேட்டால்தான் எங்கள் பதிவேட்டில் சரி போடுகிறோம்: பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில், அப்பாவிடம், "சப்பாத்து எங்க?"