மெரினாவில் நடந்து மிச்சினாவுக்கு: லீடோ சாலை மெய்நிகர் நடைக் குறிப்புகள்

இரண்டாம் உலகப் போரில் அசாமின் லீடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவின் குன்மிங்குக்குப் போட்ட ராணுவச் சாலையை, சென்னையில் அவரவர் தெருவில் நடந்தே குழுவாகக் கடப்பதுதான் திட்டம். முதலில் வேண்டியது நம்பகமான தூரப் பட்டியல். இணையத்தில் தேடினால் மொத்தத் தூரம் ஓரிடத்தில் 1,726 கி.மீ., இன்னோரிடத்தில் 1,736 கி.மீ. என்று இருக்கும். போர்க்காலத்தில் லீடோவில் நட்டிருந்த மைல் பலகையை ஆதாரமாக வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. ஷிங்ப்வியாங் 103, வராசுப் 189, மிச்சினா 268, பாமோ 372, வான்டிங் 507, லுங்லிங் 560, பாவ்ஷான் 652, யுங்பிங் 755, யுன்னான்யி 876, ட்சுயுங் 959, குன்மிங் 1,079. எல்லாம் மைல் கணக்கு, 1.609-ஆல் பெருக்கிக் கி.மீ. ஆக்க வேண்டும். இந்திய எல்லையிலுள்ள பாங்சாவ் கணவாய் பலகையில் இல்லை. அதை 38-வது மைலாக, அதாவது 61 கி.மீ. என்று சேர்த்துக்கொள்ளலாம். சீனப் பகுதியில் பல ஊர்ப் பெயர்கள் பழைய எழுத்துக்கூட்டலில் உள்ளன. வரைபடத்தில் பாவ்ஷானைப் பாவோஷான் என்றும், ட்சுயுங்கைச் சூஷியோங் என்றும் தேடினால்தான் கிடைக்கும்.

அடுத்தது, எல்லார் தூரத்தையும் கூட்டுவதா, சராசரி எடுப்பதா? பெரும்பாலான குழுக்கள் கூட்டுகின்றன. ஆறு பேர் ஆளுக்கு 4 கி.மீ. நடந்தால் ஒரு நாளில் 24 கி.மீ. ஓடிவிடும், மூன்று நாளில் பாங்சாவ், பதின்மூன்று நாளில் வராசுப். 1945 ஜனவரி 12 அன்று லீடோவிலிருந்து கிளம்பிய 113 வண்டிகள் கொண்ட முதல் ராணுவ அணியே பிப்ரவரி 4-இல்தான் குன்மிங் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஊரையும் நின்று பார்க்க ஆசை இருந்தால் சராசரிதான் சரி. குழு மொத்தமாக ஒரே ஆளின் வேகத்தில் நகரும்.

ஆனால் சராசரியிலும் ஒரு பொறி உண்டு. கூகுள் ஷீட்டில் ஆவரேஜ் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காது, 0 இருந்தால் எடுக்கும். மழைநாளில் ஐந்து பேர் ஒன்றும் எழுதாமல் விட்டு, ஒருவர் மட்டும் 14 கி.மீ. போட்டால் குழுவே 14 கி.மீ. தாவிவிடும். ஆகவே அன்றைய மொத்தத்தை நிலையான ஆள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்; எண்ணிக்கையை மாதத் தொடக்கத்தில் மட்டும் மாற்றலாம். தேதி, பெயர், கி.மீ. என்று மூன்றே கேள்விகள் கொண்ட கூகுள் ஃபார்ம் போதும். நான்காவது கேள்வி சேர்த்தால் பதிவு குறையும்.

இன்று எங்கே நிற்கிறோம் என்பதை, தூரத்தைக் கொடுத்தால் பட்டியலிலிருந்து ஊரை எடுத்துத் தரும் விலுக்அப் (VLOOKUP) சூத்திரமே சொல்லும். தூரப் பட்டியல் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், கடைசி மதிப்பு ட்ரூ. ஃபால்ஸ் போட்டால், உதாரணமாக ஷிங்ப்வியாங்குக்கு, சரியாக 166 கி.மீ. வரும் நாளில் மட்டும் ஊர் பெயர் காட்டும், மற்ற நாளெல்லாம் பிழை. வரைபடத்தில் புள்ளி வைக்க, கடந்த தூரத்திலிருந்து முந்தைய ஊரைக் கழித்து, இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். 200 கி.மீ. என்றால் (200 − 166) ÷ (304 − 166), சுமார் 0.25. ஷிங்ப்வியாங்குக்கும் வராசுப்புக்கும் நடுவே கால்வாசி. கோட்டைக் கையால் வரைந்து அதன் நீளத்தை நம்பினால், பட்காய் மலை வளைவுகள் எல்லாம் நேர்கோடாகித் தூரம் சுருங்கிவிடும். கோடு பார்ப்பதற்கு மட்டும், கணக்குக்குப் பலகை.

அதிகம் பிழை வருவது காலடிக் கணக்கில்தான். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்தடத்தில் ஒரு சுற்று நடந்து அடிகளை எண்ண வேண்டும்; 570 அடி வந்தால் ஓரடி 0.70 மீட்டர். செயலியில் இதைப் பதியாமல் விட்டால், உயரத்தை வைத்து அதுவே ஒரு நீளத்தைப் போட்டுக்கொள்ளும். வயதாகி அடி குறுகியவர்கள் இதில் இலவசமாகக் கி.மீ. பெறுவார்கள். மெரினா மணலில் அடி குறுகும் என்பதால் அங்கே அளக்கக் கூடாது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான நடைபாதை ஏறத்தாழ 3 கி.மீ.; சரிபார்க்க வசதியானது.

கைக்கடிகாரம் கையசைவைத்தான் எண்ணுகிறது. சப்பாத்தி மாவு பிசைந்தால் அடி ஏறும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் ஏறாது. பள்ளமான சாலையில் ஷேர் ஆட்டோ போனால் சட்டைப்பையிலுள்ள ஃபோன் தாராளமாக எண்ணும். ஃபோனும் கடிகாரமும் ஒரே செயலிக்கு அனுப்பினால் சில நேரம் இரட்டிப்பாகும். ஒருவருக்கு ஒரே கருவி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது. ஜிபிஎஸ் வைப்பவர்கள் தானியங்கி நிறுத்தத்தைப் போட்டுவைக்க வேண்டும். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால், அதுவும் மெட்ரோ மேம்பாலத்துக்கு அடியில் நின்றால், புள்ளி அலைந்து அலைந்து தூரம் சேர்க்கும்.

சென்னையோ தட்டை ஊர், பாங்சாவ் 1,136 மீட்டர். அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது என்பதால் நமக்கு வசதிதான். கிட்டத்தட்ட அங்கேதானே இருக்கிறோம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் 379 மாடி. 61 கி.மீ.-க்கு ஏறக்குறைய பதினைந்து நாள். தனி ஆளுக்கு நாளுக்கு 25 மாடி என்பது முட்டிக்கு அதிகம். இதை மட்டும் கூட்டுக் கணக்காக வைக்கலாம்: ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு நாலு மாடி. ஏறுவதை மட்டும் எண்ண வேண்டும். அடுக்குமாடிப் படியும் பரங்கிமலைப் படியும் சரி. காற்றழுத்த உணரி இல்லாத ஃபோன் மாடியை எண்ணாது, கையால்தான் குறிக்க வேண்டும்.

ஊர் தாண்டும்போது ஒரு படம், நாலு வரி. 1942-இல் ஜப்பானியர் லாஷியோவைப் பிடித்ததும், அங்கிருந்து சீனாவுக்குப் போன பர்மா சாலை அறுந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் லீடோவிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். முன்னணி புல்டோசர் ஷிங்ப்வியாங்கைத் தொட்டது 1943 டிசம்பர் 27. இந்த மாதிரி அந்தந்த மைலுக்குரிய தகவலே போதும். படத்தில் ஒரு எச்சரிக்கை. பாம்பு நெளிவதுபோல் 24 வளைவுகள் தெரியும் பிரபலமான படம் லீடோ சாலை என்றே சுற்றுகிறது. அந்த இடம் குன்மிங்கையும் தாண்டி, குய்ச்சோ மாகாணத்துச் சிங்லோங்கில் இருக்கிறது. பாங்சாவ் குறிப்பில் அதைப் போடாதீர்கள்.

தினம் 4 கி.மீ. சராசரியில் குன்மிங் வரை 434 நாள். குழு நடுவழியில் கலைந்துவிடும். மிச்சினாவோடு முதல் கட்டத்தை முடிப்பதே புத்திசாலித்தனம்: 431 கி.மீ., 108 நாள். ராணுவ அணி கிளம்பிய ஜனவரி 12-இலேயே தொடங்கினால் ஏப்ரல் கடைசியில், கத்திரி வெயிலுக்கு முன் முடிந்துவிடும். மார்ச் பாதிக்கு மேல் காலை ஏழு மணிக்குள் நடையை முடிப்பது நலம்.

இரண்டாம் கட்டத்தைத் திருப்பி வைக்கலாம். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தபின் கால்நடையாகக் கிளம்பிய இந்தியர்களில் ஒரு பகுதியினர், சாலையே இல்லாத அந்தக் காலத்தில், ஹூகாங் பள்ளத்தாக்கு வழியே பாங்சாவ் ஏறி லீடோ பக்கம் வந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் சென்னையில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தத் திசைதான் பொருத்தம். ஷிங்ப்வியாங்கிலிருந்து லீடோ 166 கி.மீ., 42 நாள். ஷீட்டில் மாற்ற வேண்டியது ஒன்றுதான்: நடந்த தூரத்தை 166-லிருந்து கழித்து, வரும் விடையை விலுக்அப்புக்குக் கொடுத்தால் பழைய பட்டியலே வேலை செய்யும்; ஆனால் கடந்த ஊருக்குப் பதில் அடுத்து வரும் ஊரைக் காட்டும்.