கேமரா பதிவைக் கோர்ட்டுக்கு ஆகும்படி கொடுத்த அனுபவம்

குமுளியில் மசாலாக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள். என் கேமரா ரோட்டைப் பார்த்து இருப்பதால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். "சேட்டா, ஆ வீடியோ வாட்ஸ்அப்பில் அயச்சா மதி" என்றார், அனுப்பினால் போதுமாம். அனுப்பினேன். வழக்குப் பதிவானதும் ரைட்டர் சொன்னது வேறு: ஆளைத் தேட இது போதும், கோர்ட்டுக்கு ஆகாது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரில் இருக்கும் ஃபைல் வேறு, அது வேறு.

அவசரம் டிஸ்க்கில்தான். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) அளவில் ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி தின்னும். எனக்கு நாலு கேமரா, 1 டிபி டிஸ்க். பதினோரு நாள் போனால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். அதனால் அந்த நேரத்துப் பதிவை மெனுவில் லாக் செய்தேன். டிவிஆர் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடியது. சரிசெய்யக் கை பரபரத்தாலும் தொடவில்லை. டிவிஆர் திரையும் போன் நேரமும் ஒன்றாகத் தெரிய ஒரு போட்டோ எடுத்து, வித்தியாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு புது பென் டிரைவில், கம்பெனியின் சொந்த ஃபார்மட்டிலேயே எடுத்தேன். ஓடவைக்கும் பிளேயரும் கூடவே இறங்கியது. எம்பி4 ஆக மாற்றினால் ஹாஷ், அதாவது ஃபைலிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண், மாறிவிடும்.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்குக் கொடுக்கும் பழைய 65பி சான்றிதழின் இடத்தில் இப்போது பிரிவு 63 சான்றிதழ். அதன் படிவத்தில் முதல் பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும்: கம்பெனி, மாடல், நிறம், சீரியல் நம்பர், ஹாஷ் மதிப்பு. பெட்டியின் அடியிலிருந்த ஸ்டிக்கர் ஏலக்காய்த் தூசியில் அழிந்துபோயிருந்தது. நல்லவேளை, சிஸ்டம் தகவல் பக்கத்தில் மாடலும் நம்பரும் இருந்தன. ஹாஷுக்குத் தனி சாஃப்ட்வேர் வேண்டாம், விண்டோஸில் இருக்கும் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையே போதும். எஸ்ஹெச்ஏ-256 வகை ஹாஷ் என்றால் 64 எழுத்து. பார்த்து எழுதாமல் காப்பி எடுத்து ஒட்டி அச்சிடுங்கள். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து. அதை ஸ்டேஷன் தரப்பிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

கல்லா கேமராவையும் கேட்டார்கள். அதில் மைக் உண்டு. வாடிக்கையாளர் பேரம், வீட்டுப் பேச்சு எல்லாம் இருக்கும். சத்தத்தை மட்டும் வெட்டினால் அது மூலப் பதிவும் இல்லை. ஜீப் அதில் தெரியாது என்று ஓட்டிக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். கல்லாவுக்கு மேலே மைக் எதற்கென்று மாட்ட வந்த கம்பம் ஊர்ப் பையனிடம் அன்றே கேட்டிருந்தேன். "மாடலோட வருதுண்ணே" என்றான். இப்போது ஸ்ட்ரீம் வகையை 'வீடியோ மட்டும்' என்று மாற்றிவிட்டேன். சத்தம் வேண்டாதவர்கள் முதல் நாளே மாற்றிக்கொள்ளலாம், ஒரு டிக் வேலைதான்.

மகஜர் எழுதி, பென் டிரைவை உறையில் போட்டு சீல் வைத்தார்கள். டிவிஆரைக் கொண்டுபோகவில்லை. அதே ஃபைலின் இன்னொரு பிரதியையும் படிவ நகலையும் வைத்திருக்கிறேன். பீர்மேடு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் இரண்டையும் எடுத்துப் போக வேண்டும்.