பள்ளிக் கட்டணத்துக்கு வரி போட்டால் காசு எங்கே போகும்?

பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி (நம்ம ஜிஎஸ்டி மாதிரி). "இங்கயும் போட்டு அரசுப் பள்ளிக்குக் கொடுங்க" என்று கடலூர், புதுச்சேரி பக்கமும் பேசுகிறார்கள். நல்ல ஆசைதான், ஆனால் கணக்கு முரண்டு பிடிக்கும்.

இங்கே பிளஸ் டூ வரை கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு. அதை எடுத்துவிட்டு 18 சதவீதம் போட்டால் 40,000 ரூபாய்க்கு 7,200. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு (சட்டமன்றம் இருப்பதால் புதுச்சேரிக்கும் அந்தப் பாதி உண்டு). மாநிலத்தின் 3,600 பொதுக் கஜானாவில்தான் விழும். பட்ஜெட்டில் தனியாக ஒதுக்காவிட்டால் அது ரோட்டுக்கும் போகும், கடன் வட்டிக்கும் போகும்.

செஸ் (குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று வாங்கும் கூடுதல் வரி) என்று பெயர் வைத்தால்? வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் ஏற்கெனவே கட்டுகிறோம். அந்தச் செஸ் பணம் மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிடும் தொகையில் சேராது. அங்கேதான் சிக்கல்.

7,200-ம் முழுசாக அரசுக்கு வராது. பெஞ்ச், கம்ப்யூட்டர் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைப் பள்ளி கழித்துக்கொள்ளும்; சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால் அதில் கழிக்க ஒன்றும் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. 40,000 வீதம் 50 பிள்ளைகள், அவ்வளவுதான் எல்லை. 51-வது பிள்ளையின் கட்டணம் ரசீதில்லாத "நன்கொடை"யாக மாற எத்தனை நாள் ஆகும்?

இன்னொன்று: கல்வி உரிமைச் சட்டப்படி ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசுதான் தனியார் பள்ளிக்குப் பணம் தர வேண்டும். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கிற கதை.